வாசலை விட்டு ஜன்னலுக்கு வந்தவர்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பிரதேச சபையில் கட்டடங்களுக்குப் படம் வரைகிறவளுக்கு இது ஆகாத குணம். மூன்று நாள் உட்கார்ந்து போட்ட கோட்டின் மேல் வருகிறவர் போகிறவர் எல்லாம் விரலை வைத்து, "இதக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளினா என்ன மிஸ்?" என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டே தள்ள வேண்டும். நான் தள்ளுவேன், ஆனால் சிரிக்க மாட்டேன்.

பல வருடங்களாக நான் வரைந்தவை எல்லாம் பஸ் தரிப்பிடம், மதகு, சந்தைக் கூரை, பொதுக் கழிப்பறை. கழிப்பறை வரைவதில் பதுளைப் பக்கம் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். இப்படி இருக்கும்போது ஒருநாள் எங்கள் சபைக்குத் தலைமை வகிக்கும் தவிசாளர் என் மேசைக்கு நேரே வந்து நின்றார். தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேட்டு லயத்துக்கும் பள்ளத்து லயத்துக்கும் நடுவே, பாதையோரமாகப் பொது நூலகம் ஒன்று கட்டப் போவதாகச் சொன்னார்.

"பெட்டி மாதிரி ஒண்ணக் கட்டி வைக்காதீங்க மிஸ். பாத்தவுடனே அதுக்கு ஒரு கேரக்டர் தெரியணும். ஒரு அர்த்தம் இருக்கணும்."

"என்ன அர்த்தம் சேர்?"

"அது தெரிஞ்சா நானே வரைஞ்சிருவேனே. உங்ககிட்ட ஏன் வாறேன்?"

அவரும் லயத்தில் பிறந்தவர்தான். இப்போது எந்த மண்டபத்துக்குப் போனாலும் முன்வரிசையில் நாற்காலி போடுகிறார்கள், அதனால் பேச்சில் கொஞ்சம் நாற்காலி வாசம் அடிக்கும். ஆனாலும் அன்று அவர் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. நான் போட்ட எந்த மதகுக்கும் யாரும் அர்த்தம் கேட்டதில்லை.

அன்று வீட்டுக்கு வந்து கறி வைக்க மறந்து போனேன். கணவர் பேசாமல் சம்பல் இடித்துக்கொண்டிருந்தார். நான் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தேன். எனக்கு உடனே தோன்றியது ஒரே ஒரு படம்தான்: பங்களா. நான் பிறந்து வளர்ந்தது தெமோதரைக்கு அப்பால் இன்னொரு தோட்டத்து லயத்தில். அங்கே குன்றின் மேல், தோட்டத்தை நடத்தும் பெரிய தொரையின் பங்களா இருந்தது. முன்னால் அகலமான படிகள், தூண் வைத்த முகப்பு, மெழுகு தேய்த்த சிவப்புத் தரை. அந்தப் படிகளில் எங்கள் ஆட்கள் யாரும் ஏறியதில்லை. சமையல்காரரும் தோட்டவேலைக்காரரும்கூடச் சுற்றிப் போய்ப் பின்பக்கமாகத்தான் நுழைவார்கள். எங்கள் ஆட்களுக்கென்று அதே மாதிரி ஒரு வாசல் இருக்கட்டும், அதில் அவர்கள் நெஞ்சை நிமிர்த்தி ஏறட்டும் என்று நினைத்தேன். இதைவிடப் பெரிய அர்த்தம் வேறென்ன வேண்டும்?

ஏழு படிகள் வரைந்தேன். நான்கு தூண்கள். உள்ளே சிவப்புத் தரை. மழைத் தண்ணீர் ஏறாமல் இருக்கத் தரையை நிலத்திலிருந்து இரண்டரை அடி உயர்த்தினேன். லயத்துப் பக்கம் பார்க்கக் கம்பியில்லாத ஒரு அகல ஜன்னல் வைத்து, வெளிச்சம் விழட்டும் என்று நூலகருடைய மேசையை அதன் கீழே போட்டேன். தவிசாளர் படத்தைப் பார்த்து, "அடேயப்பா" என்றார். அவர் எந்தக் கோட்டிலும் விரல் வைக்கவில்லை. நான் அன்று சிரித்தேன்.

கட்டியவர் ஹாலி-எல பக்கத்துச் சிங்கள மேசன் பாஸ் ஒருவர். தமிழைத் தனக்குப் பிடித்த மாதிரி பேசுவார். கை சுத்தம். திறப்பு விழா அன்று மேளம், மாலை, குத்துவிளக்கு எல்லாம் முறையாக நடந்தன. விருந்தாளிகள் படி ஏறிப் போனார்கள், லயத்து ஆட்கள் பாதையில் நின்று கைதட்டினார்கள். இடம் போதாது, மரியாதைக்கு ஒதுங்கி நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

விழாவுக்குப் பிறகு அந்த ஏழு படிகளில் முதலில் ஏறியவர்கள் யார் தெரியுமா? உல்லாசப் பயணிகள் குவியும் எல்லவிலிருந்து முதுகில் மூட்டையோடு நடந்து வந்த ஒரு வெள்ளைக்காரச் சோடி. நேராக உள்ளே வந்து, இரண்டு பேருக்கு அறை இருக்கிறதா, காலைச் சாப்பாடும் தருவீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். நூலகர் அவர்களை உட்கார வைத்துப் பிளேன்டீ கொடுத்து அனுப்பினாராம். அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், அப்போது எனக்கு மற்றது தெரியாது.

மற்றது இரண்டு மாதம் கழித்துத் தவிசாளர் வாயிலிருந்து வந்தது. "மிஸ், நான் ரெண்டு தரம் போய்ப் பாத்தேன். உள்ள ஒரு குருவி இல்ல. மேசை, கதிரை எல்லாம் சும்மா கெடக்கு. கூட்டுறவுக் கடைக்கு அந்த எடத்தக் கேட்டுக் கடுதாசி வந்திருக்கு. மூணு மாசம் பாப்போம். அதுக்குள்ள ஆளுக உள்ள வந்து உக்காந்து வாசிச்சா சரி. இல்லாட்டி குடுத்துருவோம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. என் வாழ்நாளில் ஆசைப்பட்டு வரைந்த ஒரே கட்டடம் அது. அதற்குள் அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் அடுக்கப் போகிறார்களா? அன்று பின்னேரமே தெமோதரைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. கொழுந்து நிறுத்து முடித்து ஆட்கள் வீடு திரும்பும் நேரம். பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்தால் முன்வாசலில் ஆளே இல்லை, ஒரு ஆடு மட்டும் தூணில் உரசிக்கொண்டு நின்றது. பக்கவாட்டுக்குப் போனேன். அங்கே ஜன்னலுக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். தலையில் மழைக்குப் போட்ட கொங்காணி, இடுப்பில் சுற்றிய சாக்குப் படங்கு, சிலர் கையில் குடை. முன்னால் நின்ற பெண் குதிகாலை உயர்த்தி, ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்து ஏதோ கேட்டாள். உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு புத்தகம் ஒன்றைக் கொடுத்தது. அவள் அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நகர்ந்தாள். அடுத்தவள் முன்னே வந்தாள்.

நான் ஏழு படியும் ஏறி உள்ளே போனேன். நூலகர் சின்னப் பெண், பதுளை டவுனில் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவரின் மகள். முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பிப் பார்த்தார்.

"வாங்க மிஸ். நல்லாப் போகுது. இன்னைக்கு மட்டும் பதினாறு பொஸ்தகம் குடுத்துட்டேன்."

"ஜன்னல் வழியாவா குடுப்பீங்க? இது என்ன சாமான் கடையா?"

"எங்க வாப்பாட கடையிலயும் ஆளுக வெளிய நின்னுதானே மிஸ் கேப்பாங்க. எனக்கு அது பழக்கம். நான் உள்ள வாங்கன்னு கூப்புட்டுப் பாத்தேன். இல்ல, இங்கயே நிக்கிறோம்னு சொல்லிட்டாங்க."

எனக்குத்தான் கோபம் மூக்குக்கு மேலே இருக்கிறதே. ஜன்னலை இழுத்துச் சாத்தினேன். இனி இதைத் திறக்கவே கூடாது, புத்தகம் வேண்டியவர்கள் வாசலால் வரட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். முன்சுவரில் பெரிய எழுத்தில் "எல்லோரும் உள்ளே வரலாம்" என்று ஒரு பலகையும் மாட்ட வைத்தேன்.

இரண்டு வாரம் யாரும் வரவில்லை. பள்ளத்து லயத்து ஆள் ஒருவர் பாதையில் நின்று அந்தப் பலகையைச் சத்தமாக வாசித்து, எழுத்து நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்து, அது சாத்தியிருக்கவே திரும்பிப் போனாராம். நூலகர் எனக்குப் போன் எடுத்து இதைச் சொன்னபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திறந்து விடுங்கள் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போனேன். இந்த முறை வரிசையில் முன்னால் நின்ற பெண்ணிடமே கேட்டேன். மேட்டு லயத்துக்காரி, ஐம்பதை நெருங்கிய வயது, முப்பது வருடமாகக் கொழுந்து பறிக்கிறவர். நல்ல வாயாடி. பேச்சில் எனக்குச் சரியான சோடி.

"ஏன் அக்கா, இவ்வளவு பெரிய வாசல வச்சிருக்கேன், மழையில ஏன் நனையிறீங்க?"

"ஈரத்தோட அந்தச் செவப்புத் தரையில எப்பிடி மிஸ் ஏறுறது? காலெல்லாம் சேறு, அட்டை வேற."

"தொடைச்சிக்கலாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் அந்தத் தூண்களைப் பார்த்தார். "அதில்ல மிஸ். அந்தப் படியப் பாத்தாலே நாய் வரும்னு தோணுது."

"இங்க ஏது நாய்? ஒரு ஆடுதான் நிக்கிது."

"எனக்குத் தெரியும் மிஸ். காலுக்குத் தெரிய மாட்டேங்குதே."

பின்னால் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சின்ன வயதில் பங்களாப் பக்கம் போய் நாய் துரத்தாத ஆள் அந்த வரிசையில் ஒருவர்கூட இல்லை. எனக்கும் முழங்காலில் ஒரு தழும்பு இருக்கிறது. பங்களாவில் எனக்குத் தூணும் படியும் நினைவிருந்தது, நாயை மட்டும் மறந்துவிட்டேன்.

பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து வெளியே நிலத்திலிருந்து ஜன்னல் கட்டை வரை பிடித்துப் பார்த்தேன். தரையை உயர்த்திய இரண்டரை அடி, அதற்கு மேல் சுவர் மூன்றடி, மொத்தம் ஐந்தரை அடி. வெளியே நிற்கிறவருடைய கண் அந்தக் கட்டையைத் தாண்டாது. உள்ளே உட்கார்ந்திருப்பவரை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

அந்த அளவு எனக்குத் தெரிந்த அளவுதான். தோட்டத்து ஆபீசில் இதே உயரத்தில் ஒரு ஜன்னல் உண்டு. எந்தக் காரியமானாலும் ஆட்கள் வெளியே நின்று அதன் வழியாகத்தான் கிளார்க் ஐயாவிடம் கேட்க வேண்டும். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு கடிதம் வேண்டுமென்று அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அந்த ஜன்னலில் மூன்று நாள் நின்றார். மூன்றாம் நாள் என்னைத் தூக்கிக் காட்டினார். உள்ளே இருட்டாக இருந்தது, யாருடைய முகமும் எனக்குத் தெரியவில்லை. ஒரு கை மட்டும் வந்து கடிதத்தை நீட்டியது.

படித்து, பட்டணத்தில் உத்தியோகம் பார்த்து, எங்கள் ஆட்களுக்குக் கௌரவமாக ஒன்று செய்கிறேன் என்று உட்கார்ந்து, என் கையாலேயே முன்னால் பங்களாவையும் பக்கத்தில் ஆபீசையும் வரைந்து வைத்திருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறை தர மறந்ததற்குக்கூட நான் சண்டை போடவில்லை.

கோபம் இருந்தால் எனக்கு வேலை ஓடும். அன்று கோபம் முழுக்க என் மேல்தான், அதனால் வேலை இரட்டிப்பாக ஓடியது. படிக்குப் பயந்த காலைப் பழக்கலாம், ஆனால் மூன்று மாதத்தில் முடியாது. ஆட்கள் எங்கே நிற்கிறார்களோ அந்த இடத்தை முதலில் உயர்த்துவோம் என்று முடிவு செய்தேன். வெளியே இரண்டரை அடிக்கு மண் போட்டு மேடாக்கினால் வெளியே நிற்பவரும் உள்ளே இருப்பவரும் ஒரே மட்டத்துக்கு வருவார்கள். மேலே நாலு தகரம் போட்டால் நனைய வேண்டாம்.

மேசன் பாஸிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "மிஸ், எல்லா ஆளும் வீட்டுக்கு மண் வெட்டி எடுக்கிறது. மிஸ் மட்டும் மண் கொண்டாந்து போடுறது."

"போடத்தான் வேணும் பாஸ்."

"எனக்கு என்னா. போடலாம்."

அந்த மழையில் பாதையோரம் ஒரு சின்னச் சரிவு இடிந்து மண் குவிந்து கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் வைத்தோம். இரண்டு லயத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மண்ணை எப்படி வெட்டுவது, எப்படித் திம்மிசு போட்டு இறுக்குவது என்று எனக்கும் பாஸுக்கும் அவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். சரிவில் கல் கட்டி மண்ணை நிறுத்துவது அவர்களுக்குக் கைவந்த வேலை. மத்தியானத்துக்குள் மேடு எழும்பிவிட்டது. ரொட்டியும் கட்டைச் சம்பலும் வந்தன. மேட்டு லயத்து அக்கா ஜன்னலுக்கு முன்னால் போய் நின்று பார்த்தார். கட்டை இப்போது அவர் இடுப்புக்கு வந்தது. உள்ளே நூலகருடைய முகம் நேரே தெரிந்தது.

"அட, இந்தப் புள்ள இவ்வளவு குட்டையா?" என்றார்.

அதற்குப் பிறகு ஜன்னலில் கூட்டம் கூடியது. தகரத்தின் கீழே உட்கார இரண்டு வாங்கு போட்டோம். புத்தகம் வாங்கியவர்கள் உடனே போகாமல் அங்கேயே உட்கார்ந்தார்கள். ஒருவர் வாசிக்க நான்கு பேர் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தவிசாளருக்குப் போன் எடுத்து ஆட்கள் வாசிக்கிறார்கள் என்றேன்.

"உள்ளயா, வெளியயா?" என்று கேட்டார்.

"வெளியதான் சேர். ஆனா..."

"மிஸ், கடைக்கும் ஆளுக வெளிய நின்னா போதும். உள்ள எடம் சும்மாதானே கெடக்கு?"

எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, நூலகர் சொன்னபோதுதான் அது எனக்கு உறைத்தது. "எல்லாரும் ஒரே பத்துப் பொஸ்தகத்தத்தான் மிஸ் மாத்தி மாத்திக் கேக்குறாங்க. அடுத்தவங்க கையில பாத்தத மட்டும் கேக்குறாங்க. மத்ததெல்லாம் யாரும் தொடாமப் புதுசா இருக்கு." ஜன்னலில் நிற்கிறவர் பெயர் தெரிந்ததைத்தான் கேட்க முடியும். தனக்குத் தெரியாத ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது என்பதை அலுமாரிக்கு முன்னால் நின்று தடவிப் பார்த்தால்தான் தெரியும். அதற்காகத்தானே நூலகம்? உள்ளே வர வைக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. மூன்று மாதத்தில் மிச்சம் இருந்தது ஒரு வாரம்.

கடைசிச் சனிக்கிழமை தவிசாளர் கூட்டுறவுக் கடை முகாமையாளரோடு வந்தார். நானும் போயிருந்தேன். முகாமையாளர் நல்ல மனிதர், என்னைப் பார்த்துச் சங்கடத்தோடு தலையாட்டிவிட்டு அளவு நாடாவை இழுத்தார். இங்கே அரிசி, அங்கே மா, எண்ணெய்ப் பீப்பா கதவுக்குப் பக்கத்தில் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே அளந்தார். நான் ஒரு கதிரையில் உட்கார்ந்து சிவப்புத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வழக்கம்போல் பெண்கள் நிறைந்திருந்தார்கள்.

"பாப்பா, அந்தப் பச்ச அட்ட போட்டது என்னா?" மேட்டு லயத்து அக்காவின் குரல்.

நூலகர் ஒரு பச்சைப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார்.

"அதில்ல, அதுக்கு அங்கிட்டு. தடியா இருக்கே."

இன்னொன்றை எடுத்தார்.

"ஐயோ, மேல் தட்டுல. இல்ல, அதுக்குக் கீழ. கைக்குப் பக்கத்துலயே இருக்கு."

நூலகர் ஐந்து புத்தகம் எடுத்துவிட்டார். ஐந்தும் இல்லை. பின்னால் நின்றவர்கள் ஆளுக்கொரு வழி சொல்லத் தொடங்கினார்கள், மேலே என்றது கீழே ஆனது, வலது இடதாகியது. முகாமையாளர் நாடாவைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"நீ வெலகு பாப்பா," என்றார் அக்கா. கொங்காணியைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தார், படங்கை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகினார், ஜன்னல் கட்டையில் கையை ஊன்றி ஒரு காலைத் தூக்கிப் போட்டார். மறுகால் வந்தது. நூலகருடைய மேசை மேல் ஒருமுறை மிதித்து, தொப்பென்று தரையில் இறங்கினார். முப்பது வருடமாகக் கூடையோடு செங்குத்து மலை ஏறுகிறவருக்கு இடுப்பளவு சுவர் ஒரு சுவரா? நேராக அலுமாரிக்குப் போய்த் தான் கேட்ட புத்தகத்தை உருவினார். அட்டையைத் திருப்பினார். பாம்புகளைப் பற்றிய புத்தகம்.

பாம்பு என்று கண்டு வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் அங்கேயே நின்று பக்கம் புரட்டினார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏய், இங்க வாங்கடி," என்று ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டார். "பதினோராம் நம்பர் மலையில நம்ம பாத்தமே, அது இதுல இருக்கு. பேரு போட்டிருக்கு. வெசம் இல்லையாம். அநியாயமா அடிச்சிக் கொன்னுட்டோம்."

அடுத்தவள் கட்டையில் ஏறினாள். பிறகு இன்னொருத்தி. வயதான ஒருவரை இரண்டு பேர் கை கொடுத்து ஏற்றினார்கள். மேசையிலும் தரையிலும் சேற்றுக்கால் தடம். பாம்புப் புத்தகத்தைச் சுற்றி ஒரு கூட்டம், அதற்குள் இடம் கிடைக்காதவர்கள் அலுமாரியில் கை வைத்துவிட்டார்கள். ஒருத்தி வெளுப்பும் சிவப்புமாக ஒரு சமையல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். முகாமையாளர் அளக்க வேண்டிய சுவரை ஒட்டி மூன்று பேர் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"கொஞ்சம் தள்ளுவீங்களா?" என்று கேட்டார்.

"என்னாத்துக்கு அளக்குறீங்க?" என்று கேட்டாள் அவர்களில் ஒருத்தி, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். அவர் தவிசாளரைப் பார்த்தார். தவிசாளர் என்னைப் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டிருந்தது, அதனால் நான் யாரையும் பார்க்கவில்லை.

அக்கா புத்தகத்தை மற்றவர்களிடம் விட்டுவிட்டு எழுந்தார். சேறாகிப் போன மேசையைத் துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தவர், அங்கேயே நின்றார். வெளியே தகரத்தின் கீழ் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் நெற்றியில் இருந்த மழைத் துளிகூட உள்ளேயிருந்து துல்லியமாகத் தெரிந்தது. அவர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கிருந்து பாத்தா நல்லாத்தானே தெரியுது," என்றார்.

"என்ன அக்கா?"

"ஆபீஸ் ஜன்னல்ல நின்னா உள்ள ஒரே இருட்டாத்தான் மிஸ் இருக்கும். நமக்கு அவுகளத் தெரியல, அதே மாதிரி அவுகளுக்கும் நம்ம மொகம் தெரியல போல, அதான் இம்புட்டு நேரம் நிக்க வைக்கிறாங்கன்னு நான் இத்தன வருசமா நெனச்சிக்கிட்டு இருந்தேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நல்லாத் தெரிஞ்சிருக்கு."

வாசித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். தவிசாளர் அவர் பக்கத்தில் போய் நின்று, அதே ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அவருடைய அப்பாவும் எங்கோ ஒரு தோட்டத்தில் அப்படி நின்றவர்தானே. வெகுநேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். எனக்கு எதிலாவது விரல் வைக்கப் போகிறார் என்று தெரிந்தது. ஜன்னல் கட்டையின் மேல் வைத்தார்.

"மிஸ், இதுக்குக் கீழ இருக்குற செவர ஏன் இன்னும் வச்சிருக்கீங்க?"

இந்தத் தடவை அந்த விரலைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. மேலே பாரம் தாங்க லின்டல் இருக்கிறது, கீழே வெட்டி வாசலாக்கினால் ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். முகாமையாளர் நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்ப திங்கக்கிழமை பாஸை வரச் சொல்லுங்க," என்றார் தவிசாளர்.

"எதுக்குத் திங்கக்கிழமை வரைக்கும்?" என்றார் அக்கா, துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே. "நாளைக்கு ஞாயித்துக்கெழமதானே. செவர இடிக்க அலவாங்கு எங்க வீட்டுலயே இருக்கு."